வாக்குப் போடாட்டி ஆருக்கு நட்டம்?

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதம் முடியிறதுக்குள்ள மூன்று தடவை விரலில் மை. எங்கட வயசுக்காரர் அநேகமானோருக்கு வாழ்க்கையில் முதல் மூன்று வாக்கும் இதுகள்தான்.

மூன்றாவது தேர்தல் முடிஞ்ச கிழமை. வந்தாறுமூலை கன்ரீனில் ஒரு நண்பன் பத்து விரலையும் மேசையில் விரிச்சுக் காட்டினான். ஒன்றிலும் மை இல்ல. “மூண்டுக்கும் போகல்ல மச்சான். எவன் வந்தாலும் நமக்கு ஒண்டுதான்.” சுற்றியிருந்த எல்லாருக்கும் சிரிப்பு. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அவனில ஒரு மதிப்பு வந்தது. போஸ்டரில் சிரிக்கிற முகங்களைப் பார்த்து ஏமாறாத ஒருத்தன் எண்டு தோணிச்சு. எங்களிலும் ஒருத்தி நவம்பரில் போகல்ல. “செப்டெம்பரில போட்டதே போதும்” எண்டு வீட்டில் படுத்திருந்தாள்.

பிறகு இதைப் பற்றி நாங்கள் நிறையச் சண்டை பிடிச்சம். அந்தச் சண்டையின் முடிவுதான் இந்தக் கட்டுரை. எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுறம்: வாக்குப் போடாமல் இருப்பது எதிர்ப்பு எண்டு நம்மட ஊரில் நம்புறவர் தன்னையே ஏமாத்துறார். அதே நேரம், “வாக்களிப்பது உங்கள் ஜனநாயகக் கடமை” எண்டு பதாகை கட்டிப்போட்டு அடுத்த தேர்தல் வரைக்கும் காணாமல் போறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்ல.

ஆர் போகல்ல, ஆருக்குப் போக ஏலாது?

செப்டெம்பர் தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் 79 வீதத்துக்கு மேல். 54 நாள் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அது 69 வீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிற்று. வாக்காளர்களில் பத்தில் ஒருவர் இரண்டு மாதத்துக்குள் விலகிவிட்டார். தொலைக்காட்சியில் உடனே சொன்னார்கள்: மக்களுக்குச் சலிப்பு, இளைஞருக்கு அக்கறை இல்லை எண்டு.

கொஞ்சம் பொறுங்கோ. நம்மட ஊர்ப் பக்கம் வந்து பாருங்கோ. ஒரு ஒழுங்கைக்குள் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆரோ ஒருவர் கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும், ஆள் இராது. வெளிநாட்டில் வேலை செய்யிற இலங்கையருக்கு அங்கிருந்து வாக்களிக்க இன்று வரைக்கும் வழி இல்ல. அவர்கள் அனுப்புற காசு நாட்டுக்கு வேணும். அவர்களின்ட புள்ளடி வேண்டாம்.

மற்றது, நாங்கள். கம்பஸில் படிக்கிற மாணவருக்குத் தபால்மூல வாக்களிப்பு கிடையாது. அது அரச ஊழியருக்கும் பொலிஸுக்கும் படையினருக்கும் போன்றோருக்குத்தான். எங்களோட போடிங்கில் இருக்கிற மலையக நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கோ. ஒரு புள்ளடிக்காக இரண்டு மூன்று பஸ் மாறி வீட்டுக்குப் போய், திரும்பி வர வேணும். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, விடுபட்ட விரிவுரை எல்லாம் சேர்த்தால் அந்த மாதச் செலவில் ஒரு பெரிய துண்டு விழுந்துவிடும். அப்படியிருந்தும் போனவர்கள் இருக்கிறார்கள். போக முடியாமல் அழுதவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே, வாக்களிப்பு நிலையத்துக்குப் பத்து நிமிஷம் நடந்தால் போற தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு “நான் பகிஷ்கரிக்கிறன்” எண்டு சொல்லும்போது ஒன்றை யோசிக்க வேணும். நீங்கள் வேண்டாம் எண்டு எறியிற பொருளை வாங்கக் காசில்லாமல் பக்கத்தில் ஒருத்தர் நிற்கிறார்.

‘ஒரு வாக்கால என்ன வரப்போகுது?’

இதற்கு அரசறிவியல் வகுப்பிலேயே ஒரு தத்துவம் உண்டு. அன்ரனி டவுன்ஸ் எண்ட அமெரிக்கப் பொருளியலாளர் 1957இல் எழுதினது: இலட்சக்கணக்கான வாக்குக்குள் உங்கட ஒரு வாக்கு முடிவை மாத்தும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூச்சியம், ஆனால் போய் வாறதுக்கு நேரமும் செலவும் உண்டு, கணக்குப் பார்க்கிற மனிசன் வீட்டில் இருப்பதுதான் புத்தி. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்த எங்களில் சிலருக்கு, இது நல்லதொரு சாட்டாகவும் வாய்த்தது.

கணக்கில் பிழை இல்ல. ஆனால் அந்தக் கணக்கைப் படுவான்கரைக்குக் கொண்டு போய்ப் பாருங்கோ. எங்களில் ஒருவரின்ட அம்மம்மா எழுபது தாண்டினவ. முழங்கால் வருத்தம். தேர்தலன்று காலமையே குளிச்சு, நல்ல சீலை ஒன்று கட்டி, ஆளை ஆள் பிடிச்சுக்கொண்டு போவா. “ஏன் அம்மம்மா இந்தப் பாடு?” எண்டு கேட்டதுக்கு அவ சொன்னா: “மனே, இடாப்பில பேர் இரிக்கிறதாலதான் நாம உசிரோட இரிக்கம் எண்டு அவனுக்குத் தெரியும். பேர் வெட்டுப்பட்டா மறுகா ஆரிட்டப் போய்ச் சொல்ற, நாங்க இந்த ஊர்தான் எண்டு?”

இதில் கட்சி இல்ல, கொள்கை இல்ல. ஆனால் டவுன்ஸின்ட கணக்கில் இல்லாத ஒன்று இருக்கு. 1990இல் ஊர் விட்டு ஓடி, அகதி முகாமில் கிடந்து, திரும்பி வந்து ஒவ்வொரு பத்திரமாகத் தேடி எடுத்த தலைமுறை அது. நாங்கள் படிக்கிற இதே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கூட்டிச் செல்லப்பட்டு, பிறகு திரும்பவே இல்ல. ஆளே இல்லாமல் போகலாம் எண்டு கண்ட ஒரு ஊருக்குப் பெயர் இருக்கிற ஒவ்வொரு தாளும் பெறுமதி. இன்றைக்கும் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனால் வதிவிடத்தை உறுதிப்படுத்த வாக்காளர் இடாப்பைத்தான் கேட்கிறார்கள். அம்மம்மா சொன்னது கற்பனை இல்ல.

வாக்கு இல்லாமல் போனால் என்ன நடக்கும் எண்டதுக்கும் நம்மட நாட்டிலேயே ஆதாரம் இருக்கு. 1947 பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தோட்டத் தொழிலாளரின்ட வாக்கு அது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் இல்ல. திரும்ப ஒரு தமிழ்ப் பிரதிநிதியை மலையகம் தேர்ந்தெடுக்க 1977 வரை பொறுக்க வேண்டி வந்தது. முப்பது வருஷம். அந்த முப்பது வருஷமும் லயமும் சம்பளமும் பள்ளிக்கூடமும் எப்படி இருந்தது எண்டு எங்கட போடிங் நண்பர்களிட்டக் கேளுங்கோ. அவர்களின்ட தாத்தா பாட்டி சொன்ன கதை இருக்கும். “வாக்கால ஒண்டும் வராது” எண்டு அவர்களுக்கு முன்னால் சொல்லிப் பாருங்கோ.

பகிஷ்கரிப்பு: நம்மட பழைய நோய்

‘போகல்ல’ எண்டது புதுசா வந்த இளைஞர் நாகரிகம் இல்ல. தமிழருக்கு அது கிட்டத்தட்ட நூறு வருஷப் பழக்கம்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லாருக்கும் இந்தத் தீவில் வாக்குக் கிடைத்தது. அதற்கு முன்னம் படிப்பும் சொத்தும் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் வாக்கு. படிக்காதவருக்கும் பெண்களுக்கும் எதற்கு வாக்கு எண்டு எதிர்த்த தலைவர்கள் அன்றைக்கு இருந்தார்கள். நம்மட பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்தான். அந்த முதல் தேர்தலையே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. அவர்களின்ட காரணம் சின்னக் காரணம் இல்ல: டொனமூர் தந்தது போதாது, முழுச் சுயராச்சியம் வேணும் எண்டார்கள். எங்கட வயசுக்காரர்கள்தான் அவர்கள். சாதி ஒழிப்புப் பற்றியும் இன ஒற்றுமை பற்றியும் அந்தக் காலத்திலேயே பேசினவர்கள். அவர்களை நாங்கள் மதிக்கிறம்.

ஆனால் நடந்தது என்ன? வடக்கில் நாலு தொகுதி வெறுமையாகக் கிடந்தது. கிழக்கில் தேர்தல் நடந்தது. தெற்கில் நடந்தது. அரசாங்க சபை அவர்கள் இல்லாமலே கூடிற்று, தீர்மானம் எடுத்தது. 1934இல் அந்த நாலு தொகுதிக்கும் இடைத்தேர்தல் வைத்து, பழைய பாணி அரசியல்வாதிகளே உள்ளே போனார்கள். பகிஷ்கரித்த இளைஞர்களின்ட சுயராச்சியக் கோரிக்கை, வெறும் கதிரையோட சேர்ந்து மறந்துபோனது.

அடுத்தது 2005 நவம்பர் 17. இந்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை எண்டு விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். அறிவிப்பு எப்படி உத்தரவாக மாறும் எண்டு நம்மட அப்பா அம்மாவுக்குத் தெரியும், விளக்கத் தேவையில்ல. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். மட்டக்களப்பில் பாதிப்பேர் கூட இல்ல. மகிந்த ராஜபக்ஷ வென்றது 1 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்ச வாக்கால். யாழ்ப்பாணத்தில் மட்டும் பதிவு செய்திருந்தவர்கள் 7 இலட்சம் பேர். மற்றவர் வென்றிருந்தால் போர் வந்திராது எண்டு நாங்கள் சொல்ல வரல்ல. அதை ஆராலும் நிரூபிக்க ஏலாது. நாங்கள் சொல்றது இவ்வளவுதான்: நம்மட தலைவிதியை எழுதின தேர்தல் ஒன்றில், முடிவை மாத்தக்கூடிய எண்ணிக்கை நம்மிட்ட இருந்தது. அதைப் பாவிக்கிறதா இல்லையா எண்டு அந்தச் சனம் தாங்களாக முடிவு செய்ய விடப்படல்ல.

வாக்குப் போடு எண்டு வெருட்டுறதும் வாக்குப் போடாதே எண்டு வெருட்டுறதும் ஒரே வெருட்டுத்தான். அந்த அனுபவம் உள்ள ஊரில், வெருட்டு இல்லாத நாளில், நாமாகவே வீட்டில் இருந்துகொண்டு அதுக்கு ‘எதிர்ப்பு’ எண்டு பெயர் வைக்கிறது சரியோ?

2024 செப்டெம்பரில் மூன்று குரல் கேட்டது. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிக்கச் சொன்னது. இன்னொரு பக்கம் தமிழ்ப் பொது வேட்பாளராக நம்மட மட்டக்களப்பு மாவட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் நின்றார், நாடு முழுவதும் 2 இலட்சத்து 26 ஆயிரத்துச் சொச்ச வாக்கு எடுத்தார். மூன்றாவது, தெற்கு வேட்பாளர் ஒருவருக்குப் போடுங்கள் எண்ட குரல். மட்டக்களப்பில் முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு. இதில் எது சரி எண்டு எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துவரல்ல. எங்களில் ஒருவர் பொது வேட்பாளருக்குப் போட்டார், ஒருவர் அநுரவுக்கு, ஒருவர் சொல்லவே மாட்டன் எண்டுட்டார். பரவாயில்ல. பொது வேட்பாளருக்கு விழுந்த வாக்கை எண்ணலாம். அதன்ட அர்த்தம் பற்றி வாதாடலாம். பகிஷ்கரித்தவரின்ட வாக்கை எண்ண ஏலாது. கட்டாரில் இருக்கிறவர், நித்திரை கொண்டவர், செத்தும் பெயர் வெட்டுப்படாதவர், கொள்கைக்காகப் போகாதவர் எல்லாரும் ஒரே கட்டத்துக்குள்தான் விழுவார்கள். ‘வாக்களிக்காதோர்’.

அப்ப செல்லாத வாக்குப் போடலாம்தானே எண்டு சிலர். நவம்பரில் நாடு முழுக்க 6 இலட்சத்துக்கு மேல் வாக்கு நிராகரிக்கப்பட்டது. அதில் எத்தனை கோபம், எத்தனை விருப்பு வாக்கு போடத் தெரியாமல் வந்த பிழை? ஒருவராலும் பிரித்துச் சொல்ல ஏலாது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013இலிருந்து ‘நோட்டா’ பொத்தான் இருக்கு. அங்கே குறைந்தபட்சம் அது தனியாக எண்ணப்படும். ஆனாலும் நோட்டா எத்தனை எடுத்தாலும் வேட்பாளர்களுக்குள் கூட எடுத்தவர்தான் வெற்றி. இங்கே அந்தப் பொத்தானும் இல்ல. வேணும் எண்டால் அதைக் கேட்டுப் போராடுவம், நாங்களும் வாறம். அது வரைக்கும் வாக்குச்சீட்டில் வசனம் எழுதிப் போடுறது எண்ணுற அலுவலருக்குச் சிரிக்க ஒரு பகிடி, அவ்வளவுதான்.

நீங்க போகாட்டிச் சந்தோசப்படுறவர் ஆர்?

இதுதான் எங்கட முக்கியமான கேள்வி. கன்ரீன் நண்பனிட்டக் கேட்டதும் இதைத்தான்.

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. சபையின்ட காலம் 2017 செப்டெம்பரில் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு தேர்தல் இல்ல. ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் எல்லாம். 2012இல் எங்களுக்கு வயது ஒன்பது, பத்து. எங்கட கம்பஸில் இன்று படிக்கிற முதலாம் வருஷத்திலிருந்து கடைசி வருஷம் வரைக்கும் மாகாண சபைக்கு வாக்குப் போட்ட ஒரு மாணவரைக் காட்டுங்கோ பார்ப்பம். பாடசாலை, ஆஸ்பத்திரி, மாகாண வீதி, விவசாயம் இதுகளைப் பார்க்கிற சபை. அதுக்கு ஆளைத் தெரிய எங்கட தலைமுறைக்கு ஒரு தடவை கூடச் சந்தர்ப்பம் தரல்ல.

எப்படி நிறுத்தினார்கள்? 2017 செப்டெம்பரில் தேர்தல் முறையை மாத்தப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. புது முறைக்கு எல்லை நிர்ணயம் வேணும் எண்டார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஒகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒன்றும் இல்ல. கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்துப் போட்டார். பழைய முறையும் போய், புது முறையும் வராமல், தேர்தல் நடுவில் தொங்கிற்று. அங்கே ஒவ்வொருவரும் தங்கட வாக்கைச் சரியாகத்தான் பாவித்தார்கள். எங்கட வாக்கைப் பறிக்கிறதுக்கு.

உள்ளூராட்சித் தேர்தலும் அப்படித்தான். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டியது. வேட்புமனு எல்லாம் முடிஞ்ச பிறகு காசில்லை எண்டு சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஒகஸ்டில் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் எண்டு தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே மாதம். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பிரதேச சபைகளில் நாம் தெரிஞ்ச ஒருவரும் இல்ல. தெரு விளக்கு எரியல்ல எண்டு சொல்லப் போனால் கேட்க ஒரு உறுப்பினர் இல்ல.

இப்ப சொல்லுங்கோ. வாக்கால் ஒன்றும் ஆகாது எண்டால், அதை நிறுத்த ஏன் இவ்வளவு பாடு? சட்டம் மாத்தி, அறிக்கை தோற்கடிச்சு, திறைசேரியில் காசில்லை எண்டு சொல்லி, நீதிமன்றம் வரைக்கும் போய்? உங்கட வாக்கின்ட பெறுமதி உங்களைவிட அவர்களுக்கு நல்லாத் தெரியும். நீங்களாகவே வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அந்தப் பாடும் மிச்சம்.

வாக்குச் சிதறாமப் போடுறது

போகச் சொல்லி மட்டும் எழுதிவிட்டு நிற்பாட்ட ஏலாது. போய் எப்படிப் போடுறம் எண்டதிலும் நம்மட பக்கம் ஒரு பெரிய வெக்கக்கேடு இருக்கு.

மட்டக்களப்புக்கு 5 ஆசனம். தேர்தல் வந்தால் தமிழ் ஊருக்குள் ஒரு பேச்சு ஓடும்: “சிதறாமப் போடுங்க, இல்லாட்டி ஒரு ஆசனம் அவங்களுக்குப் போயிரும்.” காத்தான்குடியிலயும் ஏறாவூரிலயும் ஓட்டமாவடியிலயும் இதே வசனம், ‘அவங்க’ மட்டும் நாங்கள். கம்பஸில் ஒரே வாங்கில் இருந்து படிக்கிற எங்களுக்கு, தேர்தல் மாதம் மட்டும் ஒருவரை ஒருவர் எண்ணிக்கையாகப் பார்க்கச் சொல்லித் தரப்படுது. 1990இல் இரண்டு பக்கமும் விழுந்த பிணங்கள், 2019 ஈஸ்டரன்று சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகள், எல்லாத்தையும் ஒரு விருப்பு வாக்காக மாத்தத் தெரிஞ்ச பேச்சாளர்கள் இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 22 மாவட்டத்தில் 21ஐ வென்றது. வெல்லாத ஒரே மாவட்டம் நம்மட மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 1, முஸ்லிம் காங்கிரஸுக்கு 1. அன்றிரவு முகநூலில் பாதிப்பேர் “மட்டக்களப்பான் மானம் காத்தான்”, மற்றப் பாதி “மட்டக்களப்பான் திருந்தமாட்டான்”. இரண்டும் எங்களுக்குப் பிடிக்கல்ல. ஒவ்வொரு வாக்குக்கும் போட்டவரிட்ட ஒரு காரணம் இருந்திருக்கும். பயம் ஒரு காரணமாக இருந்தால், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது எண்டு கேட்க வேணும். ஆளைப் பழிக்கிறதில் பயன் இல்ல.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. ‘நம்மட ஆள்’ எண்ட ஒரே காரணத்துக்காகப் போட்டால், வென்றவர் நமக்குக் கடன்பட்டிருக்கிறதும் அவ்வளவுதான்: நம்மட ஆளாக இருக்கிறது. அதை அவர் சும்மா இருந்தே செய்யலாம். மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்களைப் பாருங்கோ. மேய்ச்சல் தரையைக் காப்பாத்தச் சொல்லி 2023 செப்டெம்பரில் சித்தாண்டி வீதியோரத்தில் குந்தினார்கள். வெயிலிலும் மாரியிலும் மாதக்கணக்காகக் கொட்டிலுக்குள். வந்து படம் எடுக்காத அரசியல்வாதி குறைவு. படுவான்கரைக்குப் போங்கோ: குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நிற்கிற சனத்திடம் கேளுங்கோ, எத்தனை தேர்தலில் எத்தனை பேர் பாலம் தாறன் எண்டு சொன்னார்கள் எண்டு. கிரான், கிண்ணையடிப் பக்கமும் அதே கதைதான். மண்முனையில் பாலம் 2014இல் வந்தது. வந்தபடியால் பாலம் ஏலாத காரியம் இல்ல எண்டதும் தெரியும். வெள்ளம் வந்தால் தோணியில் போற பிள்ளைக்கு, தன்ட ஊர் ஆள் வென்றாரா மற்ற ஊர் ஆள் வென்றாரா எண்டது என்ன பலன்? தண்ணி இனம் பார்த்து ஏறுறதில்ல.

நாங்கள் என்ன செய்யப் போறம்?

பெரிய திட்டம் ஒன்றும் இல்ல. எங்களால் ஏலுமானதை மட்டும் எழுதுறம்.

முதலாவது, பெயர். விதானையார் வாக்காளர் இடாப்புப் புதுப்பிக்கும்போது பதினெட்டு வயது வந்த தம்பி தங்கச்சியின்ட பெயர் இருக்கா எண்டு பார்க்கிறம். வீட்டில் அப்பா பார்ப்பார் எண்டு விட்டு, தேர்தலன்று பெயர் இல்லை எண்டு திரும்பி வந்தவர்கள் எங்களிலேயே இருவர்.

இரண்டாவது, பயணம். அடுத்த தேர்தலுக்கு முதல், தூர இடத்து மாணவருக்கு வழி செய்யச் சொல்லி மாணவர் ஒன்றியங்கள் ஊடாகத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுறம். மாணவருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இருக்கிற இடத்தில் இருந்து வாக்களிக்க முறை வேணும். அவுஸ்திரேலியா மாதிரி, போடாட்டித் தண்டம் எண்டு நாங்கள் கேட்கல்ல. போட விரும்புறவனுக்குக் கதவைத் திறந்துவிடுங்கோ எண்டுதான் கேக்கிறம்.

மூன்றாவது, மாகாண சபைத் தேர்தல். தேர்தல் வேணும் எண்டு கேட்கிறது கட்சிக்காரரின்ட வேலை மட்டும் இல்ல. அந்தச் சபைக்கு அதிகாரம் காணாது எண்டு சொல்றவர்களுடைய வாதம் எங்களுக்கும் விளங்குது. ஆனால் காணாத அதிகாரத்தையும் ஆளுநரிடம் விட்டுப்போட்டு, கூட அதிகாரம் கேட்கிறது எப்படி?

நாலாவது, கொப்பி. பகிடி இல்ல. ஒவ்வொரு ஊரிலும் மேடையில் என்ன சொன்னார்கள், எந்தத் திகதியில் சொன்னார்கள் எண்டு எழுதி வைக்கிறம். பிரதேச சபையின்ட பொதுமக்கள் தினத்துக்கு அந்தக் கொப்பியோட போறம். வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். அவர் வென்றது சில நூறு வாக்கால். அந்த அளவில் டவுன்ஸின்ட கணக்கும் மாறும். இருபது பேர் சேர்ந்து போனால் அவருக்கு அந்த இருபதும் கண்ணில் தெரியும்.

கன்ரீன் நண்பனுக்கு ஒரு சொல். மச்சான், “எவன் வந்தாலும் ஒண்டுதான்” எண்டு நீ சொன்னதில் அரைவாசி உண்மை. வந்தவன் ஒவ்வொருத்தனும் ஒரே மாதிரித்தான் நடந்தான். நாம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதால. உன்ட கோபம் எங்களுக்கு வேணும். அது வீட்டில் கட்டிலில் படுத்திருந்தால் ஆருக்கும் தெரியாது. அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அதையும் கூட்டிக்கொண்டு வா.

அடுத்த தேர்தலுக்கு அம்மம்மாவைக் கையில் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் தேவைப்படும். முழங்கால் இப்ப இன்னும் மோசம்.